டெல்லி போர் நினைவிடங்கள்: அவசரமில்லாத ஒரு நாள் நடை

குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போய் இறந்தவரின் பெயரைத் தேடி டெல்லிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே இந்தியா கேட்டுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். எந்தப் போர், எங்கே இறந்தார் என்பதைப் பொறுத்துத்தான் பெயர் இருக்கும் இடம் அமையும்.

படி 1: வீட்டிலேயே தேடுங்கள்

இந்தியா கேட்டில் உள்ள சுமார் 13,300 பெயர்கள், முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்குள்ளோ வடமேற்கு எல்லையிலோ இறந்தவர்களுடையவை. 1919 ஆப்கன் போரும் இதில் சேரும். பிரான்சில் மாண்டு கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் அங்கே நெவ் ஷப்பேலில், மெசபடோமியாவில் (இன்றைய இராக்) மாண்டோர் பெயர்கள் பாஸ்ராவில். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் மறைந்தவர் என்றால் ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில். 1947-க்குப் பிந்தையவர்களுக்குத்தான் தேசியப் போர் நினைவகம்.

பழைய போர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். தமிழ்ப் பெயர்கள் சிக்குவது இங்கேதான். இனிஷியல் சில பதிவுகளில் அப்பா பெயராக விரிந்திருக்கும், சிலவற்றில் காணாமலே போயிருக்கும். முருகேசனுக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டல் உண்டு. பெயரை விடுங்கள், படை எண்ணையும் ரெஜிமென்டையும் பிடியுங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

படி 2: தீன் மூர்த்தி

காலையில் லோக் கல்யாண் மார்க் மெட்ரோவில் இறங்கி நடங்கள். ரவுண்டானா நடுவே மூன்று வெண்கல வீரர்கள்: ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் குதிரைப்படையினர். 1918 செப்டம்பர் 23 அன்று இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரைப் பிடித்தவை மைசூரும் ஜோத்பூரும். வண்டிகள் ஓயாது, ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும்.

படி 3: இந்தியா கேட்

அதே மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் சென்ட்ரல் செக்ரடேரியட். அங்கிருந்து கர்தவ்ய பாதையில் கிழக்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். இந்தியா கேட்டைச் சுற்றி ஓடும் சி-ஹெக்ஸகன் சாலையை மேலே கடக்காமல் சுரங்கப்பாதையில் போங்கள். வளைவுக்கு அடியில் விடுவதில்லை, எனவே சுவரிலுள்ள பெயர்களை வாசிக்கச் சிறு பைனாகுலர் தேவை. போன் ஜூம் எழுத்தைக் குழப்பிவிடும். உச்சியில் இருக்கும் ரோமன் எண்கள் 1914, 1919.

படி 4: தேசியப் போர் நினைவகம்

பக்கத்திலேயே, 2019 பிப்ரவரியில் திறந்தது. வடிவமைத்தது சென்னை நிறுவனம் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. நினைவகம் ஒன்றுக்குள் ஒன்றான நான்கு வட்டங்கள் (சக்ரா). வெளியே மரங்கள் சூழ்ந்த ரக்ஷக் சக்ரா. உள்ளே பெயர்ச் சுவர்களான தியாக் சக்ரா. அதற்கும் உள்ளே ஆறு வெண்கலப் புடைப்புச் சிற்பங்களுடன் வீர்தா சக்ரா. நடுவே அணையாச் சுடருடன் அமர் சக்ரா. சுவர்களில் குருட்டாம்போக்கில் தேடாமல் தொடுதிரையில் சுவரின் இடத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

நினைவகத்தை ஒட்டிய பரம் யோத்தா ஸ்தலில், நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 வீரர்களின் மார்பளவுச் சிலைகள். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைத் தேடிப் பாருங்கள். நிழல் குறைவு, மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. சூரியன் மறையும் முன், உயிரிழந்தவர் ஒருவரின் குடும்பத்தினர் மலர்வளையம் வைப்பார்கள். அப்போது ஓரமாக நில்லுங்கள்.

கன்டோன்மென்டில் உள்ள டெல்லி போர்க் கல்லறையை இதே நாளில் திணிக்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு காலை வேண்டும். குடியரசு தின ஒத்திகை நடக்கும் ஜனவரியில் இந்த நடையே சரிவராது.

பின்சேர்க்கை: இந்தியா கேட்டில் எரிந்துகொண்டிருந்த அமர் ஜவான் ஜோதி என்ற அணையாச் சுடர் எங்கே என்று இன்னும் கேட்கிறார்கள். 2022 ஜனவரி 21 அன்று அது நினைவகத்துச் சுடருடன் இணைக்கப்பட்டது. அமர் சக்ராவில் பாருங்கள்.