வில்பத்துவுக்கு ஒருநாள் பயணம்: யாழ்ப்பாணத்தில் இருந்து றெயினிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் விடும் பிழைகள்

"காலை றெயின் எத்தனை மணிக்கு?" என்று தொடங்குவதுதான் முதற் பிழை. மாலை 6 மணியில் இருந்து கணக்குப் போடுங்கள். அந்த நேரத்துக்குள் நீங்கள் ஏறிய ஜீப் வில்பத்து தேசியப் பூங்காவின் வாசலுக்கு வெளியே வந்துவிட வேண்டும். காட்டுக்குள் அரைநாள் ஜீப் சவாரிக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலம் தேவை. ஆகவே பிற்பகல் 2 மணிக்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் அநுராதபுரம் வரை றெயினில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல், புத்தளம் வீதியில் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம், மரகஹவெவ சந்தியில் இருந்து வாசலுக்கு 8 கிலோமீற்றர், நுழைவுச்சீட்டு எடுக்க அரை மணித்தியாலம். காலை 6 மணியளவில் யாழ்ப்பாணத்தை விட்டால் இது நெருக்கடி இல்லாமல் பொருந்தும். முற்பகல் றெயினை நம்பினால், ஒரு தாமதமே பயணத்தைக் குழப்பிவிடும். போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்ந்து வரும் விடுமுறைகளில் ஆசனங்கள் முன்கூட்டியே முடிந்துவிடும். பதிவு செய்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

இதே கணக்கால், ஒரே நாளில் போய் வருகிறவர்கள் முழுநாள் ஜீப்புக்குக் காசு கட்டுவது வீண். முழுநாள் சவாரி விடியற்காலை வாசல் திறக்கும்போதே தொடங்குகிறது. அதற்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும்.

இறங்கும் இடத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். அநுராதபுரத்தில் இரண்டு றெயில் நிலையங்கள் உண்டு. நம் பக்கத்தில் இருந்து போகும்போது பிரதான நிலையம் முதலில் வரும், புதுநகர நிலையம் அதற்குப் பிறகு. பஸ் நிலையமும் பழையது, புதியது என்று இரண்டு. ஓட்டோவில் ஏறுமுன் புத்தளம் பஸ் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். நடத்துநரிடம் "வில்பத்து" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மரகஹவெவ சந்தி" என்று சொல்லுங்கள். நொச்சியாகம கடந்து வரும் சந்தி அது. அங்கிருந்து ஹுனுவிலகம வாசலுக்குப் போக வேண்டும். ஜீப்பை முதல் நாளே பேசி, சந்திக்கு வரச் சொல்லிவிட்டால் ஓட்டோ தேடும் நேரம் மிச்சம். மன்னார் வழி வரைபடத்தில் கிட்டவாகத் தெரியும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வழியல்ல.

ஜீப்புக்குச் சொன்ன விலைக்குள் நுழைவுச்சீட்டு அடங்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். ஆள் கட்டணம், வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் தனித்தனியாக ஏறும். தேசிய அடையாள அட்டையை எல்லோரும் கொண்டுபோக வேண்டும். கனடாவிலோ லண்டனிலோ இருந்து வந்த சொந்தங்களைக் கூட்டிப் போகிறீர்களா? வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான், அது பல மடங்கு. வாசலில் நின்று தர்க்கப்படுவதை விட வீட்டிலேயே சொல்லி வைப்பது நல்லது.

உள்ளே போனபின் நடக்கும் பெரிய பிழை, சிறுத்தையைத் துரத்துவது. வில்பத்து 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த அடர்காடு. பாதையோரத்தில் பார்வை சில மீற்றருக்கு மேல் போகாது. திறந்த வெளி கிடைப்பது வில்லுகளின் கரையில்தான். மழைநீர் தேங்கி நிற்கும் அந்த இயற்கைக் குளங்களுக்கு மான், பன்றி, யானை எல்லாம் வரும்; சிறுத்தையும் அவற்றின் பின்னால் வரும். "எங்கோ கண்டார்களாம்" என்று சாரதி பறந்தால், தூசியைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஒரு வில்லின் கரையில் இயந்திரத்தை நிறுத்தி 20 நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். வெயில் தணியும் 4 மணிக்குப் பிறகான நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். கரடி பார்க்க ஆசை என்றால் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், வைகாசி முதல் ஆடி வரை, போங்கள். பழத்துக்காகக் கரடி மரத்திலேயே ஏறும். கார்த்திகை, மார்கழி மழையில் பாதை சேறாகும், காட்டுக்குள் எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகளும் வில்லுக்கு வரத் தேவையில்லை.

அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. மலசலகூடத்துக்கு வாசலிலேயே போய்விட்டு ஏறுங்கள். சோற்றுப் பார்சலை பொலித்தீன் லஞ்ச் சீற்றில் கட்டாமல் வாழையிலையிலோ பெட்டியிலோ எடுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். வெறும் போத்தல் உங்களோடு திரும்பி வரட்டும்.

திரும்பும் வழியைத்தான் பலரும் யோசிப்பதில்லை. இருட்டியபின் அநுராதபுரத்தில் இருந்து வடக்கே றெயின் உண்டா, எத்தனை மணிக்கு என்று காலையிலேயே யாழ்ப்பாண நிலையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்கள் அந்தப் புத்தளம் வீதியாலும் ஓடுகின்றன என்பதற்காக மரகஹவெவ சந்தியில் காத்து நிற்காதீர்கள்: இரவில் ஆசனம் நிறைந்து வரும் வண்டி இருட்டில் கைகாட்டினால் நிற்குமென்று சொல்ல முடியாது. அநுராதபுரம் போகும் எந்த பஸ் வந்தாலும் ஏறுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே கிடைக்காவிட்டால், வவுனியா போய் மாறலாம். குழந்தைகள், வயதானவர்கள் கூட வந்தால், ஜீப்காரரிடமே அநுராதபுரம் வரை இறக்கிவிட எவ்வளவு என்று காலையிலேயே பேசி முடியுங்கள். மாலையில் சந்தியில் வைத்துக் கேட்டால் விலை வேறாக இருக்கும்.