பானுமதியின் திரைப்பட்டியலைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி

பி. பானுமதி ராமகிருஷ்ணாவை 'நடிகை' என்ற ஒரே தலைப்பில் அடக்கினால் பாட்டு, இயக்கம், எழுத்து என்று அவர் உழைப்பில் பாதி விடுபட்டுப் போகும். ஆண்டு வரிசையில் ஓர் அட்டவணை போடுங்கள். மொழி, வேடம், பாடிய பாட்டு, இயக்குநர், தயாரிப்பு நிறுவனம் என்று கட்டங்கள் இருக்கட்டும். முதல் வரி 1939இல் வந்த 'வரவிக்ரயம்', தெலுங்கு.

மொழிக் கட்டத்தில்தான் அதிகம் தடுமாறுவோம். 1953இல் அவரே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'சண்டிராணி' தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எடுக்கப்பட்டது. அதை மூன்று வரிகளாக எழுதி ஒரே எண் கொடுங்கள். இல்லையென்றால் மொத்தக் கணக்கு உதைக்கும். 'மலைக்கள்ளன்', 'அக்கி ராமுடு' இரண்டுக்கும் கதை ஒன்று, இரண்டிலும் நாயகி அவர்தான். ஆனால் தமிழில் எம்.ஜி.ஆர்., தெலுங்கில் என்.டி.ஆர். என்பதால் தனித்தனி எண் வேண்டும்.

பாட்டுகளுக்கு இணையத்தில் போட்டிருக்கும் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். இசைத்தட்டின் லேபிளையும் படத்தின் டைட்டிலையும் ஒப்பிடுங்கள். தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகமும் உதவும். ஆனால் பிறகு வெட்டப்பட்ட பாட்டும் அதில் இருக்கலாம் என்பதால் படத்தைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். தனக்குத் தானே பாடிய நடிகை அவர். 'அன்னை' (1962) படத்தில் 'பூவாகி காயாகி' பாட்டைக் கேளுங்கள். அந்த நடிப்பையும் குரலையும் பிரித்துப் பார்க்கவே முடியாது!

அவரது சொந்தத் தயாரிப்பு நிறுவனமான பரணி பிக்சர்ஸ் படம் என்றாலே இயக்கம் பானுமதி என்று எழுதிவிடாதீர்கள். அவர் கணவர் பி.எஸ். ராமகிருஷ்ணா ராவ் இயக்கியவையும் பல.

எழுத்துக்குத் தனித்தாள் வையுங்கள். அவர் தெலுங்கில் எழுதிய 'அத்தகாரி கதலு' போன்ற கதைகளுக்குப் பத்திரிகையில் வந்த தேதியையும் நூலான ஆண்டையும் தனித்தனியே குறியுங்கள். சுயசரிதை 'நாலோ நேனு', சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது பெற்றது. தேசிய விருதில் விருதுக்குரிய ஆண்டு ஒன்று, வழங்கிய ஆண்டு வேறு; 1993 என்பது முதலாவது. பிறந்த ஆண்டும் நூலுக்கு நூல் மாறும். பெரும்பாலும் 1925 என்றே இருக்கும்; மாறுபட்டதைக் கண்டால் எந்த நூல் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, இயக்குநர் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள். குழந்தைகளை மட்டுமே நடிக்க வைத்து 1982இல் அவர் இயக்கிய 'பக்த துருவ மார்க்கண்டேயா' நடிகைப் பட்டியல்களில் சிக்காது.