சென்னையில் தனியாளுக்குக் கட்டுப்படியாகும் சிறிய வாடகை வீடு: நான் பிடித்த விதம்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேச்சுலர் என்றாலே கதவைச் சாத்தும் ஊரில் வீடு தேடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையை ஒட்டித் தேடுங்கள். சீசன் டிக்கெட் இருந்தால் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறையும். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அந்த மாதம் பேசி முடித்து ஆவணியில் போனால் வாடகை கொஞ்சம் படியும். ஆப்களை விட, ஞாயிறு காலையில் தெருத்தெருவாக நடந்து டு-லெட் போர்டு பார்ப்பதையே நம்புகிறேன்.

2. கரண்ட். நான் ஏமாந்தது இங்கேதான். "தனி மீட்டரா?" என்று கேட்டேன், "ஆமாம்" என்றார் வீட்டுக்காரர். அது அவர் தன் இணைப்புக்குள்ளேயே என் பங்கைக் கணக்கிட மாட்டிய சப்-மீட்டர், மின் வாரிய மீட்டர் இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் நான் ஓட்டியது 92 யூனிட், என் வீட்டுக்கென்று தனி இணைப்பு இருந்திருந்தால் ஒரு பைசா கிடையாது. ஆனால் வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கணக்கில் 920 ரூபாய் கொடுத்தேன். அதனால் "இந்த வீட்டுக்குத் தனி சர்வீஸ் நம்பர் (மின் இணைப்பு எண்) உண்டா, பழைய பில்லைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அப்புறம் மீட்டர் பெட்டிக்குப் போங்கள். வீட்டு மெயினை அணைத்ததும் உங்கள் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுகிறது.

3. அட்வான்ஸ். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. பத்து மாதம் கேட்டால் அதைச் சொல்லிப் பேசுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்காக அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பார் என்பதை அக்ரிமென்டிலேயே எழுதி வாங்குங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: காலி வீட்டில் விளக்கு சிமிட்டவே இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சரிதான், எதுவும் ஓடாவிட்டால் சிமிட்டாது. ஃபேன் மட்டும் ஓடினாலும் மெதுவாகத்தான் சிமிட்டும், ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள். முடிந்தால் இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் போட்டதும் எந்த மீட்டர் படபடக்கிறதோ, அதுதான் உங்களுடையது.