கொட்டிய மண்ணை மழை அள்ளிக்கொண்டு போனது

நியூ ஜெர்சியில் அப்பலாச்சியன் மலைப்பாதையின் ஒரு சிறு துண்டைப் பராமரிக்கிறேன். 3,500 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள் கையால்தான் பிழைத்திருக்கிறது.

என் பகுதியில் ஒரு சரிவு முழங்கால் ஆழத்துக்கு அரித்துப் போயிருந்தது. மண் கொட்டி மேவினோம். ஒரே மழை, எல்லாம் கீழே! மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பாமல் பள்ளத்தை நிரப்பிப் பயனில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

பள்ளம் தொடங்குவதற்கு மேலேயே, பாதைக்குக் குறுக்கே சுமார் 45 டிகிரி சாய்வாகக் கற்களைப் பதித்தோம். நேர்க்குறுக்காக வைத்தால் வண்டல் தேங்கிவிடும். கல்லில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஏறி நின்று குதித்தாலும் ஆடக் கூடாது. கீழ்முனையில் அகலமாக ஒரு வாய்க்கால்.

அடுத்த மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர் கல்லில் மோதி, காய்ந்த ஓக் இலைகளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் திரும்பியது. இலையுதிர் காலம் முடிந்ததும் அந்த வாய்க்காலைத் தூர்வார மறப்பதில்லை.