தாவரவியல் பூங்காவில் மேற்படிப்பு: கொங்கு நாட்டு மாணவர்களுக்குச் சில வழிமுறைகள்

தாவரவியலில் இளநிலைப் பட்டம் முடித்து, வெப்பமண்டலத் தாவரங்களைப் பற்றி ஒரு தாவரவியல் பூங்காவில் தங்கி ஆராய வேண்டும் என்று விரும்பும் மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பூங்காக்கள் பொதுவாகத் தாமாகப் பட்டம் வழங்குவதில்லை என்பதே. ஆய்வு பூங்காவில் நடக்கும். பட்டத்தைத் தருவது அதனோடு இணைந்த பல்கலைக்கழகம். எடின்பரோவின் அரசத் தாவரவியல் பூங்காவுக்கு எடின்பரோ பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் மிசூரி தாவரவியல் பூங்காவுக்கு செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும், சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் 1959-இல் தொடங்கப்பட்ட சிஷுவாங்பன்னா வெப்பமண்டலப் பூங்காவுக்குச் சீன அறிவியல் கழகத்தின் பல்கலைக்கழகமும் துணை. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் 1979-இல் நிறுவப்பட்ட ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கு ஆராய்வோர் கேரளப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ள முடியும்.

பூங்கா, பல்கலைக்கழகம் ஆகிய இரண்டின் ஒப்புதலும் தனித்தனியே தேவை என்பதால், பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே பூங்காவில் நமக்கு வழிகாட்டியாக வரக்கூடிய அறிவியலாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் எந்தத் தாவரக் குடும்பத்தில் வேலை செய்கிறார், கடைசியாக எழுதிய நான்கைந்து கட்டுரைகளில் எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று படித்துப் பார்த்த பிறகே கடிதம் எழுதுங்கள். “தங்கள் கீழ் ஆராய ஆவலாக உள்ளேன்” என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பயனில்லை. நீங்கள் எந்தச் செடியை எங்கே பார்த்தீர்கள், அதில் உங்களுக்கு விளங்காதது எது என்பதை அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதினால் படிப்பார்கள்.

அப்படி எழுதுவதற்குச் செடியைப் பார்த்திருக்க வேண்டுமே. அதற்கான இடம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் அதன் பொறுப்பிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும் உள்ளன. தென்னிந்தியக் காடுகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்த உலர் மாதிரிகளை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரித் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, முன்னதாகவே அனுமதி கேட்டுப் போங்கள். தாவரவியலாளர் கேம்பிள் எழுதத் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் 1936-இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே இனத்தின் மாதிரிகள் ஒட்டிய பத்துத் தாள்களை ஒரு நாள் முழுதும் ஒப்பிட்டுப் பாருங்கள். இலையின் அளவு தாளுக்குத் தாள் எவ்வளவு மாறுகிறது என்று கண்ணால் கண்டவருக்கு வகைப்பாட்டியலில் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, சொந்தமாக மாதிரி எடுப்பது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், நிற்கும் வெள்வேல் மரத்தை எடுத்துக்கொள்வோம். பூவும், முடிந்தால் காயும் உள்ள கிளையை ஏறத்தாழ 28-க்கு 42 சென்டிமீட்டர் தாளில் அடங்கும்படி வெட்டி, செய்தித்தாளுக்கிடையே விரித்து வைத்து, அழுத்துபலகையில் இறுகக் கட்ட வேண்டும். காயும்போது சிற்றிலைகள் உதிரும். அவற்றைக் கொட்டிவிடாமல் சிறு காகித உறையிலிட்டு அதே தாளில் ஒட்ட வேண்டும். வெளிர்மஞ்சள் பூங்கொத்து பழுப்பாகிவிடும், வெளுத்த பட்டையோ தாளுக்கு வரவே வராது. ஆகவே பூவின் நிறம், பட்டையின் நிறம், மரத்தின் உயரம், இடம், கடல்மட்ட உயரம், நாள் ஆகியவற்றைச் செடியின் முன் நின்றபடியே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். ஆடு மேய்ப்பவரிடம் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அகேசியா என்று நாம் படித்த இந்த மரத்தைத் தாவரவியலார் இப்போது வாச்செல்லியா என்கிறார்கள். கொரங்காட்டுக்காரர்களுக்கு அது இன்றும் வெள்வேல்தான்.

அழுத்துபலகையிலுள்ள காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும் என்பதை நான் வால்பாறையில் ஓர் ஆனி மாத மழையில் கற்றேன். இரண்டு நாள் சோம்பியதில் பதினெட்டுக் காசித்தும்பைகள் கறுத்துப் பூசணம் பிடித்துக் கூழாகிவிட்டன. பறித்தது எங்கே என்று எழுதிய குறிப்பு மட்டும் மிஞ்சியது.

வெப்பமண்டலம் என்றதும் எல்லோரும் மழைக்காட்டையே நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் சேர்ந்த நம் கொரங்காடும் வெப்பமண்டலம்தான், வறண்ட வெப்பமண்டலம். அங்கிருந்து பேருந்தில் ஒரே நாளில், தமிழ்நாட்டில் மழை மிகுந்த இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாற்றின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். இவ்வளவு குறுகிய தூரத்தில் இரண்டையும் பார்த்து வளர்ந்தவர், விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் “சிறு வயது முதலே இயற்கையின் மீது ஈடுபாடு” என்று தொடங்கி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் முனைவர் ஆய்வுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் இளநிலை ஆய்வு நல்கை பெறுவதே நல்லது. 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கிறது. நல்கை கையிலுள்ள மாணவரைச் சேர்த்துக்கொள்ள வழிகாட்டிகள் அதிகம் தயங்குவதில்லை. வீட்டை விட்டு வெகுதூரம் போக இயலாதவர்கள் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தை விசாரிக்கலாம். அங்கு ஆய்வு செய்வோருக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வழியே பட்டம் கிடைக்கும். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகையோடுதான் இடம் தருவார்கள். ஆனால் பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம் நம் கையிலிருந்தே போகும், நிலத்தை அடமானம் வைக்குமுன் கல்வி உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். அமெரிக்க விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரையொட்டி வரும் என்பதால், வழிகாட்டிக்கான முதல் கடிதம் ஆடி, ஆவணிக்குள் போயிருக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. காப்புக்காட்டில் ஓர் இலையைப் பறிக்கவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஆனைமலை புலிகள் காப்பகத்தில் விதிகள் இன்னும் கடுமை, பதில் வரவே மாதங்கள் ஆகலாம். வெளிநாட்டுப் பூங்காவில் சேர்ந்து நம் ஊர்ச் செடியை ஆராய்வதானால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய இலைத் துணுக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட முடியாது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் அதே செடியிலிருந்து இரண்டு, மூன்று தாள்கள் தயாரித்து, ஒன்றைக் கோவை ஹெர்பேரியத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் அந்தச் செடியைப் பற்றி நீங்கள் எழுதும் எதையும் பிறர் சரிபார்க்க அந்த எண்தான் வேண்டும்.