பவர் பிஐ: முதலில் கற்க வேண்டிய இரண்டு புதிய வசதிகள் – செய்முறை விளக்கம்

தரவைச் சார்ட்டாகவும் ரிப்போர்ட்டாகவும் மாற்றித் தரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்புக்கு ஏறக்குறைய மாதம் ஒரு புதுப் பதிப்பு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றோடும் நீளமான அறிவிப்பு ஒன்றும் வருகிறது. இப்போதுதான் கற்கத் தொடங்கியவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் மலைத்துப்போவார். அத்தனையையும் கற்க வேண்டிய அவசியமில்லை. என்னைக் கேட்டால் தொடக்கத்திலேயே கைக்குள் கொண்டுவர வேண்டியவை இரண்டுதான்: 2022 மே மாதம் அறிமுகமான ஃபீல்டு பாராமீட்டர், 2024 பிப்ரவரியில் அறிமுகமான விஷுவல் கேல்குலேஷன். ஒரே சார்ட்டில் பல கேள்விகளுக்கு விடை காட்ட முதலாவது உதவும். தொடர் கூட்டுத்தொகை, முந்தைய மாத ஒப்பீடு போன்ற கணக்குகளை நீளமான சூத்திரம் எழுதாமலே போட இரண்டாவது உதவும். முன்பு நன்றாகப் பழகியவர்களால் மட்டுமே முடிந்த வேலைகள் இவை. இப்போது முதல் வாரத்திலேயே செய்து பார்க்கலாம்.

தயாரிப்பு

பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டுமே இயங்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக நிறுவினால் புதுப் பதிப்புகள் தாமாகவே வந்து சேரும். அப்படியே நிறுவிவிடுங்கள்.

காலியான ரிப்போர்ட் ஒன்றைத் திறங்கள். நடுவில் தரவைச் சேர்க்கச் சில வழிகள் தெரியும். அவற்றில் மாதிரித் தரவுக்கான பொத்தானை அழுத்தி, வருகிற பட்டியலில் ஃபைனான்ஷியல்ஸ் என்ற டேபிளை டிக் செய்து 'லோடு' கொடுங்கள். 700 வரிகள் கொண்ட சின்ன டேபிள் அது. நாடு, பொருள், விற்பனை, லாபம், தேதி எல்லாம் இருப்பதால் பழகுவதற்குப் போதும்.

தொடங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரி செய்துகொள்ள வேண்டும். இவற்றை விட்டால் பிறகு எண்கள் தப்பாக வரும், காரணமும் பிடிபடாது.

முதலாவது, மாதங்களின் வரிசை. மாதப் பெயர் வெறும் எழுத்து என்பதால் அகர வரிசையில் ஏப்ரல் முதலில் வந்து நிற்கக்கூடும். டேட்டா பேனில் 'மந்த் நேம்' காலத்தை (column, அதாவது டேபிளின் நெடுவரிசை) தேர்ந்தெடுத்து, மேலே 'சார்ட் பை காலம்' (Sort by column) என்பதில் 'மந்த் நம்பர்' என்று வையுங்கள்.

இரண்டாவது, ஆண்டு. இந்தத் தரவு 2013 செப்டம்பரில் தொடங்கி 2014 டிசம்பரில் முடிகிறது. மாதப் பெயரை மட்டும் சார்ட்டில் போட்டால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான நான்கு மாதங்களில் இரண்டு ஆண்டுகளின் விற்பனையும் சேர்ந்துவிடும். கடைசி மாதங்களில் வியாபாரம் திடீரென்று எகிறியதுபோலத் தெரியும். ஃபில்டர்ஸ் பேனில் ஆண்டை இழுத்துப் போட்டு 2014 மட்டும் இருக்குமாறு செய்யுங்கள்.

மூன்றாவது, மெஷர்கள், அதாவது நாம் சூத்திரமாக எழுதிவைக்கும் கணக்குகள். ஃபீல்டு பாராமீட்டருக்குள் வெறும் எண் காலத்தைப் போட்டால் அது தானாகக் கூட்டிக் காட்டாது. அதனால் கூட்டுத்தொகைகளை நாமே மெஷராக எழுதிவிட வேண்டும். டேபிளைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள ஹோம் டேபில் (tab) 'நியூ மெஷர்' அழுத்துங்கள். பெயர், சமக்குறி, சம் என்ற சார்பு, அடைப்புக்குறிக்குள் காலத்தின் பெயர். அவ்வளவுதான். சார்பின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மெஷரின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். விற்பனை, லாபம், விற்ற எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் 'மொத்த விற்பனை', 'மொத்த லாபம்', 'மொத்த எண்ணிக்கை' என்று மூன்று மெஷர்கள் எழுதுங்கள். இந்த மாதிரித் தரவில் விற்பனைக் காலத்தின் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. கையால் தட்டினால் பிழை வரும், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

ஃபீல்டு பாராமீட்டர்

பார்ப்பவர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அதே சார்ட் விற்பனையிலிருந்து லாபத்துக்கு மாற வேண்டும் என்றால் முன்பெல்லாம் மூன்று சார்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புக்மார்க் (பக்கத்தின் ஒரு நிலையைச் சேமித்து வைக்கும் வசதி) வைத்து மறைத்துக் காட்டுவார்கள். நிறத்தை மாற்ற வேண்டுமானால் மூன்றிலும் மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை இனி இல்லை.

'மாடலிங்' டேபில் 'நியூ பாராமீட்டர்' அழுத்தி, அதில் 'ஃபீல்ட்ஸ்' தேர்ந்தெடுங்கள். (அந்த வரி காணப்படவில்லை என்றால் பதிப்பு பழையதாக இருக்கலாம். ஃபைல் மெனுவின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ப்ரிவ்யூ ஃபீச்சர்ஸ்' பட்டியலையும் பாருங்கள்.) திறக்கும் பெட்டியில் 'எதைப் பார்க்க வேண்டும்' என்று பெயர் கொடுங்கள். நாம் எழுதிய மூன்று மெஷர்களையும் வலப்பக்கப் பட்டியலிலிருந்து சேருங்கள். பக்கத்தில் ஸ்லைசர் (பார்ப்பவர் தேர்வு செய்வதற்கான பெட்டி) சேர்க்கவா என்று கேட்கும் டிக்கை அப்படியே விட்டு, 'க்ரியேட்' அழுத்துங்கள்.

டேட்டா பேனில் புதிதாக ஒரு டேபிள் முளைத்திருக்கும். அதைச் சொடுக்கினால் சூத்திரப் பட்டையில் மூன்று வரிகள் தெரியும். ஒவ்வொரு வரியிலும் மேற்கோள் குறிக்குள் இருப்பது ஸ்லைசரில் காட்டப்படும் பெயர். கடைசியில் 0, 1, 2 என்று இருப்பது வரிசை எண். பெயரையோ வரிசையையோ மாற்ற வேண்டுமென்றால் இங்கேயே திருத்திவிடலாம், பாராமீட்டரை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு காலம் சார்ட் (செங்குத்துப் பட்டைகள் கொண்ட சார்ட்) போடுங்கள். எக்ஸ் அச்சில் மாதப் பெயர், ஒய் அச்சில் இந்தப் பாராமீட்டர். ஸ்லைசரில் லாபத்தைத் தேர்ந்தெடுங்கள். சார்ட் மாறும், தலைப்பும் சேர்ந்தே மாறும்.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஸ்லைசரில் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுப் பாருங்கள்: மூன்று மெஷர்களும் ஒரே சார்ட்டில் வந்து நிற்கும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்ததாகவே இது எடுத்துக்கொள்ளும். பணத் தொகைகளின் பக்கத்தில் எண்ணிக்கையும் ஒரே அச்சில் நின்றால் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை. ஆகவே ஸ்லைசரின் ஃபார்மட் பகுதியில் 'சிங்கிள் செலக்ட்' கட்டாயம் போட்டுவிடுங்கள்.

மெஷர்களை மாற்றுவதுபோல அச்சையும் மாற்றலாம். நாடு, பொருள், பிரிவு மூன்றையும் இன்னொரு பாராமீட்டராக வைத்து எக்ஸ் அச்சில் போட்டால், இரண்டு ஸ்லைசர்களும் ஒரு சார்ட்டுமாக ஒன்பது பார்வைகள் கிடைக்கும். எனக்கு இந்த வசதி இவ்வளவு பிடிக்கக் காரணமே இதுதான். ரிப்போர்ட் பக்கம் நெரிசல் இல்லாமல் இருக்கும், பார்ப்பவர் தன் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளலாம்.

விஷுவல் கேல்குலேஷன்

ஜனவரியிலிருந்து இந்த மாதம் வரை மொத்தம் எவ்வளவு? மேலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. வழக்கமான டாக்ஸில் (DAX, பவர் பிஐயின் சூத்திர மொழி) இதை எழுத, ஃபில்டர் சூழல், அதாவது எந்த வரிகள் கணக்கில் சேரும் என்பது, எப்படி இயங்குகிறது என்று புரிந்திருக்க வேண்டும், அது புரிய நாளாகும். விஷுவல் கேல்குலேஷன் சார்ட்டில் ஏற்கனவே இருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதால் வேலை சுலபமாகிவிடுகிறது.

புதிய டேபிள் விஷுவல் (பக்கத்தில் வைக்கும் சார்ட், டேபிள் எல்லாமே விஷுவல்தான்) ஒன்றில் மாதப் பெயரையும் 'மொத்த விற்பனை' மெஷரையும் போடுங்கள். முந்தைய சார்ட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அங்கே மெஷர் மாறிக்கொண்டே இருக்கும், இங்கே கணக்கு ஒரு குறிப்பிட்ட மெஷரைப் பெயர் சொல்லிப் பிடித்திருக்கும். இரண்டையும் தனித்தனி விஷுவலில் வைத்துப் பழகுவது நல்லது.

விஷுவலைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் 'நியூ விஷுவல் கேல்குலேஷன்' அழுத்துங்கள். திரை மாறும்: மேலே விஷுவல், நடுவில் சூத்திரப் பட்டை, கீழே எண்கள். சூத்திரப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் எஃப்எக்ஸ் பொத்தானில் தயாரான வார்ப்புகள் இருக்கின்றன. அதில் 'ரன்னிங் சம்' தேர்ந்தெடுங்கள். சூத்திரத்தில் 'ஃபீல்டு' என்று இருக்கும் இடத்தில் 'மொத்த விற்பனை'யை வைத்து என்டர் தட்டுங்கள்.

சரி, எண் சரிதானா என்று எப்படித் தெரியும்? டிசம்பர் வரியின் தொடர் கூட்டுத்தொகை, டேபிளின் அடியில் இருக்கும் மொத்த விற்பனையோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மாத வரிசையையும் ஆண்டு ஃபில்டரையும் திரும்பிப் பாருங்கள். சூத்திரத்தை எந்த வார்ப்பிலிருந்து எடுத்தாலும் இப்படி ஒரு சரிபார்ப்பைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அதே வழியில் 'வெர்சஸ் ப்ரீவியஸ்' வார்ப்பைப் போடுங்கள். இது முந்தைய மாதத்தோடு உள்ள வித்தியாசத்தைக் காட்டும். ஜனவரி வரியைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய மாதம் விஷுவலில் இல்லை, அதனால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஜனவரியின் முழு விற்பனையும் வளர்ச்சிபோலத் தெரியும். அப்படியே வெளியிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார். முந்தைய மதிப்பு காலியாக இருந்தால் விடையையும் காலியாக விடும்படி ஓர் இஃப் நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்.

கணக்குக்குத் தேவை, ஆனால் பார்ப்பவருக்குத் தேவையில்லை என்று தோன்றும் காலத்தை நீக்காதீர்கள், நீக்கினால் அதை நம்பியிருக்கும் கணக்கு உடைந்துவிடும். அதன் அருகில் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்தினால் காலம் மறையும், கணக்கு நிற்கும்.

ஆண்டு, மாதம் இரண்டையும் மேட்ரிக்ஸில் (வரிகளைப் படிநிலையாகக் காட்டும் டேபிள் விஷுவல்) வைத்து ஒவ்வோர் ஆண்டும் கூட்டல் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால், அதே ரன்னிங் சம் சார்புக்குள் ரீசெட் மதிப்பாக 'ஹையஸ்ட்பேரன்ட்' என்று கொடுங்கள். 2013 ஃபில்டரால் மறைந்திருக்கும், அதை விடுவித்த பிறகு செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கு அந்த ஒரு விஷுவலுக்கு மட்டுமே சொந்தம். மாடலில் (ரிப்போர்ட் முழுவதற்கும் பொதுவான டேபிள்களும் மெஷர்களும்) சேராது, வேறு பக்கத்தில் உள்ள சார்ட் இதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஒரே எண் பல பக்கங்களில் வர வேண்டுமானால் சிரமப்பட்டாவது மெஷராகவே எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாகப் போட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றவை பழைய கணக்கிலேயே நின்றுவிடும்.

வெளியிடும் முன்

மைக்ரோசாஃப்டின் இணையச் சேவையான பவர் பிஐ சர்வீஸில் வெளியிடுகிறவர்களுக்குப் பதிப்புப் பிரச்சினை அதிகம் வராது. ஆனால் உங்கள் அலுவலகம் சொந்தமாக ரிப்போர்ட் சர்வர் (அலுவலகத்தின் சொந்தக் கணினியிலேயே ரிப்போர்ட்டுகளை வெளியிடும் மென்பொருள்) வைத்திருந்தால் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான பதிப்புகள் ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறைதான் வருகின்றன, அதனால் புதிய வசதிகளும் அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்கென்றே தனி டெஸ்க்டாப் பதிப்பு உண்டு. இரண்டையும் ஒரே கணினியில் நிறுவிக்கொள்ளலாம். சர்வருக்குப் போகும் ரிப்போர்ட்டை அந்தத் தனிப் பதிப்பிலேயே தொடங்குங்கள்.