மைக் வாங்கும் முன் காத்தாடியை நிறுத்துங்கள்: போன் வீடியோவில் சத்தம் தெளிவாக வர

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் அத்தை வீட்டில் ஒரு சமையல் வீடியோ எடுத்தேன். மீன் கறி. புதிதாக வாங்கிய வட்ட விளக்கின் புண்ணியத்தில் படம் பளிச்சென்று வந்திருந்தது. அத்தை போட்டுப் பார்த்துவிட்டு, "நான் பேசுனது எங்கடா? காத்தாடிதான் பேசுது" என்றார். அவர் சொன்னது சரிதான். போன் இரண்டு மீட்டர் தள்ளி முக்காலியில் நின்றது. தலைக்கு மேலே காத்தாடி, சன்னலுக்குக் கீழே மோட்டார் சைக்கிள்கள். விளக்குக்குச் செலவழித்த எனக்குச் சத்தத்தைப் பற்றி நினைப்பே வரவில்லை.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பலர் நேராக ஐந்தாம் படிக்குத் தாவிக் காசைக் கரைக்கிறார்கள். முதல் நான்குக்கும் செலவே இல்லை.

படி 1: ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள்

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். காத்தாடி, ஏர்கான், பிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழும். தினமும் கேட்டுப் பழகியதால் நம் காது அவற்றை ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினால் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பிளக்கும் ஞாபகம் வரும். சாவி வைக்காத ஒரு நாளில் அத்தையின் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது.

நம் கையில் இல்லாத சத்தங்களும் உண்டு: ரொட்டிக்காரரின் ஹாரன், பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இறங்கும் விமானம், சாயங்கால மழை தகரக் கூரையில் போடும் ஆட்டம். பாங்கு நேரம் முன்கூட்டியே தெரிந்ததுதான், அந்த நேரத்தில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வரலாம். எனக்குத் தோதான நேரம் வேலை நாளில் காலை பத்து மணி. குயில் கத்தி ஓய்ந்திருக்கும், மாடியில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

படி 2: கை தட்டிப் பாருங்கள்

அறை நடுவில் நின்று ஒரு தட்டு. 'டங்' என்று வால் பிடித்துக்கொண்டு சத்தம் திரும்பி வந்தால் அந்த அறை எதிரொலிக்கிறது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள வரவேற்பறை பெரும்பாலும் இப்படித்தான். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி எல்லாம் இருக்கும் படுக்கையறைக்குப் போங்கள். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, துணிகளைப் பார்த்தபடி பேசுங்கள். சமையலறையை விட்டு நகர முடியாதென்றால், போன் இருக்கும் பக்கத்தில், படத்தில் விழாதபடி ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள்.

படி 3: கிட்டப் போங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 2 மீட்டரில் இருந்து 1 மீட்டர், அப்புறம் 50 சென்டிமீட்டர், அப்புறம் 25. மூன்று முறை பாதியாகிவிட்டது, குரல் 18 டெசிபல் ஏறிவிட்டது. காத்தாடியும் தெருவும் இருந்த இடத்திலேயே இருப்பதால் அவற்றின் சத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். விலை உயர்ந்த மைக்கை 2 மீட்டர் தள்ளி வைத்தாலும் இந்தக் கணக்கில் இருந்து தப்ப முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான போன்கள் சத்தம் குறைந்தால் தாமாகவே அதை ஏற்றிவிடும். தள்ளி நின்று பேசும்போது, நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் போன் "சத்தமே வரவில்லையே" என்று நினைத்துக் காத்தாடியைத் தூக்கிக் கொடுக்கும். வீடியோவில் இரைச்சல் அலை அலையாக எழுந்து அடங்குவது அதனால்தான்.

போனின் மைக் துளைகள் எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும், பல போன்களில் பின்பக்கக் கேமரா அருகில் இன்னொன்று. போனைப் படுக்கை வசத்தில் பிடித்தால் உள்ளங்கை கீழ்த் துளையை மூடிவிடும். துளையில் தூசி அடைத்திருந்தால் உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தடவி எடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம்.

படி 4: இழுப்பறையில் கிடக்கும் இயர்போன்

கிட்டப் போனால் அடுப்பும் கையும் படத்தில் வராதே என்பீர்கள். பழைய வயர் இயர்போனை எடுங்கள். அதன் வயரில் இருக்கும் சின்னப் பொத்தானுக்குள்தான் மைக் இருக்கிறது. அதை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, உடையில் ஊக்கால் பொருத்துங்கள். தாலிச் சங்கிலி, பட்டுச் சேலை, ஜிமிக்கி எதுவும் உரசக் கூடாது.

வயர் எட்டாவிட்டால் இரண்டாவது போன். அதில் ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு, சட்டைப் பையிலோ மேசையில் கேமராவுக்குப் படாத இடத்திலோ வையுங்கள். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது கைகள் சேரும் படத்தையும் அந்த 'டப்' சத்தத்தையும் பொருத்திவிட்டால் உதடும் பேச்சும் ஒன்றுசேரும். நீளமான பதிவென்றால் முடிவிலும் தட்டுங்கள். இரண்டு போன்களின் கடிகாரமும் நூலிழை வித்தியாசத்தில் ஓடுவதால் போகப் போகப் பேச்சு நழுவும்.

புளூடூத் இயர்போன் வேண்டாம். அதன் மைக்கில் பேசினால் பெரும்பாலும் போன் அழைப்பில் பேசுவது போலத்தான் வரும்.

படி 5: சரி, இப்போது வாங்கலாம்

சட்டையில் குத்தும் வயர் மைக்கே ஆரம்பத்துக்குப் போதும். 3.5 மில்லிமீட்டர் முனை என்றால் அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் போனுக்கானது. இரண்டு வளையம் கேமராவுக்கானது, அதை நேராகப் போனில் செருகினால் பொதுவாக வேலை செய்யாது. இப்போதைய பல போன்களில் அந்தத் துளையே இல்லை. யூஎஸ்பி-சி முனையுள்ள மைக்காகவே வாங்கிவிடுங்கள், ஐபோனிலும் 2023இல் வந்த 15 முதல் அதே முனைதான். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு வீடியோ எடுத்து, மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். சுரண்டும் சத்தம் பெரிதாகப் பதிவாகியிருந்தால் மைக் வேலை செய்கிறது. லேசாகத்தான் கேட்கிறதென்றால் போன் இன்னும் தன் சொந்த மைக்கில்தான் பதிகிறது. இதைச் சோதிக்காமல் நான் ஒரு கல்யாண வரவேற்பையே கோட்டைவிட்டேன்.

படி 6: வெளியே போனால்

கர்னி டிரைவ் கடற்கரையில் காற்றுதான் வில்லன். மைக்கில் நேராக மோதி 'புர்ர்' என்று அடிக்கும் அந்தச் சத்தத்தை அப்புறம் முழுதாக நீக்க முடியாது. பஞ்சு உறை லேசான காற்றுக்குத் தாங்கும், கடல் காற்றுக்கு முடி வைத்த உறைதான். உறை இல்லையென்றால் காற்றுக்கு முதுகு காட்டி நின்று உடம்பால் மைக்கை மறையுங்கள்.

தைப்பூசத்தில் நேர்மாறான தொல்லை: சத்தம் மிஞ்சிவிடும். ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பவர்களின் பக்கத்திலும், தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளத்தின் முன்னாலும் போனை நீட்டினால் ஒலி உடைந்து கரகரக்கும். உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டவைக்கிற நல்ல வழி எதையும் நான் பார்த்ததில்லை. பத்தடி பின்னால் போய் அரை நிமிடம் சோதனைக்கு எடுத்துக் கேளுங்கள். கரகரத்தால் இன்னும் பின்னால். மேளத்துக்கு மட்டும் மூன்றாம் படி தலைகீழ்.

படி 7: எடிட்டிங்

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். செயலியில் 'லோ கட்' (அடிச் சத்தத்தை வெட்டும் வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அடி ரீங்காரம் குறையும். இரைச்சல் நீக்கியைக் கால்வாசிக்கு மேல் ஏற்றினால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும். செயலியின் ஒலி அளவுகோலில் 0 தான் உச்ச எல்லை, குரலின் உச்சம் அதில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பின்னணி இசை கேட்டும் கேட்காமலும் இருந்தால் போதும்.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மாமாக் கடையில் உட்கார்ந்து போனின் ஸ்பீக்கரிலேயே ஒரு தடவை ஓடவிடுங்கள். எந்த இடத்தில் போனைக் காதருகே தூக்குகிறீர்களோ, அந்தப் பகுதியை மறுபடி பேசிப் பதியுங்கள். மீன் கறியை நான் மூன்றாம் முறை எடுத்தபோது அப்படித் தூக்க வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது: கடுகு வெடிக்கும்போது அத்தை உப்பின் அளவைச் சொன்ன இடம்.